உப்பும் புழுதியும்: 500 மி.மீ. லென்ஸோடு ஒரு குஜராத் பயணம்

வெள்ளி: சென்னை – அகமதாபாத்

பொங்கல் விடுமுறையோடு கொஞ்சம் லீவு சேர்த்துக்கொண்டு குஜராத் கிளம்பியாச்சு. அகமதாபாத்தில் இறங்கி தசாடா, அங்கிருந்து லிட்டில் ரண் ஆஃப் கட்ச் என்ற உப்பு வெளி, அப்புறம் ஜாம்நகர் பக்கம் கிஜாடியா சதுப்பு நிலமும் நராரா கடற்கரையும். கூட வருவது கோயம்புத்தூர் அண்ணன். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பறவைப் படம் எடுப்பதில் எனக்கு ரொம்ப மூத்தவர். அவரிடம் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ், என்னிடம் நிக்கான் 500 மி.மீ. எஃப்/4ஈ.

இந்தத் தொடரில் பறவைகளைவிட லென்ஸைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். எந்த லென்ஸ் வாங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்கிய பிறகு அதை எப்படித் தூக்கிப் போவது, எப்படித் துடைப்பது என்று சொல்ல ஆள் குறைவு. பல பேர் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிவிட்டு, பயத்தில் பீரோவிலேயே பூட்டி வைக்கிறார்கள். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். வெளியே கொண்டுபோகிற லென்ஸைவிடப் பூட்டிக் கிடக்கிற லென்ஸுக்குத்தான் எனக்குக் கவலை அதிகம்.

விமானத்தில் முதல் சிக்கல் எடை. உள்நாட்டுப் பயணத்தில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ. என் லென்ஸ் மட்டும் 3,090 கிராம். டி500 பாடி, அதாவது கேமரா மட்டும், பேட்டரியோடு 860 கிராம். நல்ல பஞ்சு வைத்த முதுகுப்பை தானே இரண்டு கிலோவைத் தாண்டும். ஆக, சார்ஜரும் கன்வெர்ட்டரும் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) வைப்பதற்கு முன்பே ஆறு கிலோ. அதனால் பெரிய பாக்கெட் வைத்த ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். உதிரி பேட்டரி, கன்வெர்ட்டர், கார்டுப் பை எல்லாம் அதில் போய்விடும். உதிரி லித்தியம் பேட்டரியை எப்படியும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

இன்னொரு ஏற்பாடு. முதுகுப்பைக்குள் லென்ஸை அப்படியே படுக்க வைக்காமல், தோள்வார் உள்ள ஒரு மெத்து உறைக்குள் போட்டு, அந்த உறையைப் பைக்குள் வைத்திருக்கிறேன். கடைசி நேரத்தில் விமான ஊழியர் "இந்தப் பை உள்ளே வராது, கீழே போட வேண்டும்" என்று சொன்னால், உறையை மட்டும் உருவித் தோளில் மாட்டிக்கொண்டு பையைக் கொடுத்துவிடலாம். வரிசையில் நின்றுகொண்டு பதறிப் பிரிக்க வேண்டிய வேலை இல்லை.

பயணத்தில் பாடியையும் லென்ஸையும் கழற்றித்தான் வைக்க வேண்டும். மாட்டியபடி பைக்குள் வைத்தால், பையை இறக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் மவுண்ட் மேல், அதாவது இரண்டும் பூட்டிக்கொள்ளும் வளையத்தின் மேல், நெம்புகோல் போட்ட மாதிரி பாரம் விழும். அதைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்களுக்கு அது தேவையில்லாத சோதனை. கழற்றும்போது கேமராவை அணைத்து ஒரு நொடி பொறுத்துக் கழற்றுவது நல்லது. கை நடுக்கத்தை ஈடுகட்டும் வி.ஆர். ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றினால் உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதி தன் இடத்தில் பூட்டிக்கொள்ளாமல் கடகடவென்று ஆடும்.

பாதுகாப்புச் சோதனையில் லென்ஸை வெளியே எடுக்கச் சொன்னார்கள். எடுத்து, ஒரு ட்ரேயில் தனியாகப் படுக்க வைத்தேன். நிற்க வைத்தால் உருளைகள் மேல் தடுமாறிச் சாயும். எக்ஸ்ரேயால் லென்ஸுக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் வரும் ட்ரே வந்து இடிப்பதுதான் ஆபத்து. அண்ணன் முதலில் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அதன் பிறகுதான் என் ட்ரேயை நகர்த்தினேன்.

விமானத்துக்குள் மேல் தட்டு எனக்குப் பிடிக்காது. நாம் பத்திரமாக வைத்த பிறகு யாராவது ஒருவர் சக்கரப் பெட்டியை வைத்து அழுத்துவார். பை மெலிந்ததாக இருந்தால் முன்சீட்டுக்கு அடியில் வைப்பதே நிம்மதி. கால் நீட்ட முடியாது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சனி: தசாடா

அகமதாபாத்தில் இருந்து வீரம்காம் வழியாக தசாடா இரண்டு மணி நேரப் பயணம். பட்டம் விடும் திருவிழாவான உத்தராயணம் முடிந்த சமயம் என்பதால் வழியெல்லாம் மின்கம்பியிலும் மரத்திலும் பட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு பட்டத்தின் பின்னாலும் கண்ணாடித் தூள் தடவிய நூல் இருக்கிறது. நூலில் அறுபட்ட பறவைகளை மீட்க இந்த மாநிலத்தில் ஆண்டுதோறும் கருணா அபியான் என்று ஓர் இயக்கமே நடத்துகிறார்கள். கம்பியில் ஒரு புறா சிறகு சிக்கித் தொங்கியது. வண்டியை நிறுத்தி ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் ஏணி கொண்டுவந்து இறக்கினார். உயிர் இருந்தது.

கடைத்தெருவில் கம்பு வாங்கினோம். சமைக்க அல்ல, லென்ஸைத் தாங்க அடியில் வைக்கும் பீன் பேக் என்ற துணிப் பையில் போட. ஊரில் இருந்து நிரப்பிக் கொண்டுவந்தால் எடை ஏறும். வெறும் துணிப் பையாக மடித்துக் கொண்டுவந்து, போன ஊரில் விளையும் தானியத்தைப் போடுவதுதான் முறை. நம்மூரில் என்றால் கேழ்வரகு போடுவேன். குஜராத்தில் கம்பு மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆளுக்கு மூன்று கிலோ. சின்ன மணியாக இருப்பதால் லென்ஸ் அடிப்பக்கத்துக்கு ஏற்றபடி வழிந்து உட்காரும், ஜீப் அதிர்வையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். பையை முட்ட முட்ட நிரப்பக் கூடாது. முக்கால் பங்கு போதும், அப்போதுதான் நடுவில் குழி விழுந்து லென்ஸ் உருளாமல் நிற்கும்.

மாலை மூன்றரைக்குத் திறந்த ஜீப். ஓட்டுநர் பாய் இந்த மண்ணிலேயே பிறந்தவர், எங்களோடு இந்தியில் பேசினார். லிட்டில் ரண்ணில் இருக்கும் இந்தக் காட்டுக்கழுதைச் சரணாலயம் ஏறத்தாழ 4,954 சதுர கி.மீ. மழைக்காலத்தில் தண்ணீர் நின்று, மேட்டுப் பகுதிகள் மட்டும் தீவுகளாகத் தெரியும். அந்த மேடுகளை இங்கே 'பேட்' என்கிறார்கள். இப்போது தண்ணீர் வற்றி, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அந்த வெடிப்பின் மேல் டயர் ஏறியதும் எழும் தூள், மைதா மாவு மாதிரி அவ்வளவு நைசு. அதில் உப்பும் கலந்திருக்கிறது.

பாய் முதல் கிலோமீட்டரிலேயே ஒன்று கற்றுக்கொடுத்தார். ஜீப் ஓடும்போது புழுதி பின்னால்தான் இருக்கும், நம் மேல் படாது. ஜீப் நின்றதும், பின்னால் துரத்தி வந்த புழுதி நம்மைத் தாண்டிப் போகும். எல்லோரும் அந்த நொடியில்தான் ஆசையாக உறையைக் கழற்றிக் கேமராவைத் தூக்குவார்கள். "சாப், வண்டி நின்றதும் பத்து எண்ணுங்கள், அப்புறம் திறங்கள்" என்றார். காட்டுக்கழுதைக் கூட்டம் தெரிந்ததும் அவர் நேராகப் போய் நிற்கவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, சுற்றி வளைத்து, எங்கள் புழுதி எங்களை விட்டு விலகிப் போகும்படி குறுக்காக நிறுத்தினார். நல்ல ஓட்டுநர் அமைந்தால் பாதிப் பாதுகாப்பு அமைந்த மாதிரி. கிளம்புவதற்கு முன்பே ஓட்டுநரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

என் லென்ஸுக்குப் போட்டிருந்தது இரண்டு உறை. உள்ளே நியோபிரீன் என்ற ரப்பர்த் துணி உறை, கீறல் விழாமல் இருக்க. மேலே தையல்காரரிடம் கொடுத்துத் தைத்த நீளமான காடாத் துணிப் பை, இரண்டு பக்கமும் நாடா. ஜீப் ஓடும்போது பாடியையும் சேர்த்து முழுதாக மூடிவிடுவேன். கடையில் விற்கும் விலை உயர்ந்த ரெயின் கவரைவிட இந்தக் காடாத் துணி புழுதிக்கு நல்லது. காற்று போகும், தூசி போகாது, இரவில் துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். வெளேரென்று இருப்பதால் வெயிலிலும் சூடேறாது.

ஜீப்பில் லென்ஸ் என் மடியில்தான் இருக்கும். ட்ரைபாடில் பூட்டுவதற்காக லென்ஸின் அடியில் இருக்கும் காலை மேலே திருப்பி, அதைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொள்வேன். பின்சீட்டில் வைப்பது, கம்பியில் சாய்த்து வைப்பது, கேமரா வாரைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிடுவது எல்லாமே கெடுதல். தூக்குவதென்றால் லென்ஸைப் பிடித்துத் தூக்க வேண்டும், கேமரா அதன் கூடவே வரும். கேமராவைப் பிடித்து லென்ஸைத் தொங்கவிட்டால் மூன்று கிலோவும் மவுண்டில்.

இந்த வெளியில் கன்வெர்ட்டர் மாட்டுவதோ கழற்றுவதோ கிடையாது. 1.4 போடுவதா வேண்டாமா என்பதை அறையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பறவை தூரத்தில் இருந்தால் தூரத்துப் படம்தான். மவுண்டுக்கு அருகில் இருக்கும் 40.5 மி.மீ. ஃபில்டர் தட்டையும் வெளியே இழுக்கக் கூடாது. அந்தச் சின்ன வாசல் வழியாகப் போகும் தூசி நேராகப் பின்கண்ணாடிக்கும் சென்சாருக்கும் அருகே போய் உட்காரும்.

அந்தி நேரத்தில் குட்டைக்காது ஆந்தை ஒன்று புதர் அடியில் இருந்து எழுந்து, மஞ்சள் கண்ணோடு எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கு மேல் வெளிச்சம் இல்லை.

இரவு: துடைக்கும் வேலை

சாப்பாட்டுக்கு முன் இதைத்தான் செய்தோம். இதில் வரிசைதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அறைக்கு வெளியே, வராண்டாவில், லென்ஸைத் திறக்காமலே காடாத் துணியைக் கழற்றி உதறினோம். நியோபிரீனையும் கழற்றியாச்சு. அப்புறம் லென்ஸைத் தலைகீழாகச் சாய்த்து, ஊதும் ரப்பர்க் குமிழால் மேலிருந்து கீழ் வரை காற்று அடித்தோம். ஃபோகஸ் வளையத்தின் இடுக்கு, சுவிட்சுகளைச் சுற்றி, காலர் (லென்ஸ் காலைத் தாங்கும் வளையம்) திருகும் இடம், ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் குழல்) திருகாணி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தூசி தெரியும். நேராக அடித்தால் எல்லாம் சுத்தமாக இருக்கிற மாதிரியே இருக்கும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்று வேண்டாம், அது தூசியை இடுக்குக்குள் தள்ளும். வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

காற்றுக்குப் பிறகு மென்மையான பிரஷ். அதற்கும் பிறகுதான் துணி. நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த பருத்தித் துணியால் ஒரு துடை, உடனே உலர்ந்த துணியால் ஒரு துடை. உப்புத் தூசியை உலர்ந்த துணியால் தேய்த்தால் பெயின்ட் மேல் வட்ட வட்டமாகக் கீறல் விழும். துடைக்காமல் விட்டாலோ, அந்த உப்பு இரவு ஈரத்தை இழுத்துக்கொண்டு அலுமினியத்தையும் ஸ்க்ரூத் தலைகளையும் அரிக்கும். ஆகவே அன்றன்றைக்கே, இந்த வரிசையிலேயே.

முன்கண்ணாடிக்குக் காற்று மட்டும். நாலு துகள் ஒட்டியிருந்தால் ஒட்டியிருக்கட்டும். 500 மி.மீ. லென்ஸின் முன்கண்ணாடியில் இருக்கும் தூசி படத்தில் தெரியாது. தேய்த்துத் தேய்த்துக் கோட்டிங்கைக் கெடுத்தால், எதிர்வெயிலில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் தெரியும். பின்கண்ணாடி வேறு கதை. அதில் விரல் ரேகைகூட இருக்கக் கூடாது.

அண்ணன் தன் 600-இன் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த ஆலன் கீயைக் கொஞ்சம் எடுங்க" என்றார். அவருடையது ட்ரைபாட் தலையில் நேராகப் பூட்டும்படி ஆர்கா பள்ளம் வெட்டிய மாற்றுக் கால், நாலு ஸ்க்ரூ. ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. ஒரே ஒரு மாலை ஜீப் அதிர்வுக்கே அப்படி. "இது ஊரில் கழன்றால் பரவாயில்லைங்க, கிம்பலில் மாட்டித் தோளில் வைத்து நடக்கும்போது கழன்றால்?" என்று சொல்லிக்கொண்டே நாலையும் இறுக்கினார். கிம்பல் என்பது பெரிய லென்ஸைத் தாங்கி ஆட்டும் ட்ரைபாட் தலை. அளவான ஆலன் கீ ஒன்றை லென்ஸ் பையின் உள்பாக்கெட்டில் எப்போதும் வைத்திருங்கள். விமானத்தில் மட்டும் அதைச் செக்-இன் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

ஞாயிறு: பஜானா பக்கம்

விடியற்காலைக் குளிரில் கிளம்பினோம். பஜானா பக்கம் இன்னும் தண்ணீர் இருக்கும் பள்ளங்களில் பூநாரைகள். பத்து மணி வரைதான் படம். பத்து மணிக்கு மேல் தரை சூடேறிக் கானல் ஓட ஆரம்பித்தால் எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் படம் கலங்கித்தான் வரும். அதனால் பத்து மணிக்கு லென்ஸைக் கட்டி வைத்துவிடுவது படத்துக்கும் நல்லது, லென்ஸுக்கும் நல்லது. நடுப்பகலில் மூடி போடாமல் ட்ரைபாடில் நிறுத்தி வைக்கக் கூடாது. அத்தனை பெரிய கண்ணாடி சூரியனைப் பார்த்துவிட்டால் வெயிலைக் குவித்து உள்ளே ஷட்டரையோ சென்சாரையோ சுட்டுவிடும். பூட்டிய காரிலும் வேண்டாம்.

திரும்பும் வழியில் ஓர் அகரியா குடும்பத்தின் உப்புப் பாத்தி. மழை முடிந்ததும் இங்கே வந்து, நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பாத்தி கட்டி, அடுத்த மழை வரும் வரை இந்த வெட்டவெளியிலேயே வாழ்கிறார்கள். பெரியவர் பால் இல்லாத டீ கொடுத்தார். அவருடைய சைக்கிள் செயினைப் பார்த்தேன். துருவே இல்லை, எண்ணெய் மின்னியது. ஓரமாகக் கிடந்த பழைய பம்பு இஞ்சின் மட்டும் அடுக்கடுக்காகப் பெயர்ந்து கிடந்தது. கேட்டதற்கு, சைக்கிளைத் தினமும் துடைக்கிறேன், இஞ்சினை விட்டுவிட்டேன், அவ்வளவுதான் என்றார். சோலார் பம்பு வந்த பிறகு இஞ்சின் தேவைப்படவில்லையாம்.

திங்கள்: ஜாம்நகர் சாலை

நாள் முழுக்கக் கார். லென்ஸ் பை டிக்கியில் அல்ல, பின்சீட்டில், சீட் பெல்ட் போட்டு. சாப்பிட நிறுத்தினால் பை எங்களோடு மேசைக்கு வரும். கேமரா கம்பெனிப் பெயர் போட்ட பை வாங்காதீர்கள். சாதாரணப் பள்ளிப் பை மாதிரி இருப்பதே நல்லது. லென்ஸின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வீட்டில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். காப்பீடு எடுக்கும்போது வீட்டுக்குள் இருந்தால் மட்டும் என்று இல்லாமல், வெளியூரில் விழுந்தாலும் தொலைந்தாலும் சேர்த்துக் கவர் ஆகிறதா என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

செவ்வாய்: கிஜாடியா

ஜாம்நகரில் இருந்து கொஞ்ச தூரம்தான். சமஸ்தானக் காலத்தில் கடல்நீர் உள்ளே வராமல் கட்டிய கரை, அதன் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறு பக்கம் உப்புச் சதுப்பு. ஒரே கரையில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கலாம். 2021-இல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலமாக, அறிவிக்கப்பட்ட இடம்.

இங்கே எதிரி பனி. விடியலில் லென்ஸை ட்ரைபாடில் வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா நின்றால், வானத்தைப் பார்த்திருக்கும் பக்கமெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்துவிடும். படம் எடுக்காத நேரத்தில் காடாத் துணியை மேலே போட்டுவிட்டால் போதும். ஹூட்டும் முன்கண்ணாடியைக் காக்கும். ஹூட் வெயிலை மறைக்க மட்டும் இல்லை, பனி, விரல், முள், மோதல் எல்லாவற்றுக்கும் முதலில் நிற்பது அதுதான். ஆனால் லென்ஸை ஹூட் மேல் செங்குத்தாக நிற்க வைக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பலர் செய்கிறார்கள். ஒரு நாய் ஓடிவந்து உரசினாலும் சாயும். கீழே துண்டு விரித்துப் படுக்க வையுங்கள்.

குளிரில் கிடந்த லென்ஸை அறைக்குள் கொண்டுபோனதும் பையைத் திறக்கக் கூடாது. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் ஆவி படியும். ஜிப்பை மூடியபடி முக்கால் மணி நேரம் விட்டால் தானாக அறைச் சூட்டுக்கு வந்துவிடும். அதற்குள் படத்தைப் பார்க்க வேண்டும் என்றால், கார்டை வெளியிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நம்மூரில் இது தலைகீழ். ஏ.சி. அறையில் குளிர்ந்த லென்ஸை விடியலில் கோடியக்கரைக்கோ பழவேற்காட்டுக்கோ கொண்டுபோனால் வெளியே எடுத்த உடனே பனித்துவிடும். அங்கே முதல் நாள் இரவே பையை ஏ.சி. இல்லாத அறையில் வைக்க வேண்டும்.

பூனைப்பருந்து ஒன்று நாணல் மேல் தாழ்ந்து தாழ்ந்து வந்து, கூழைக்கடாக் கூட்டத்தைக் கலைத்துவிட்டுப் போனது. அண்ணனுக்கு நல்ல படம் கிடைத்தது.

புதன்: நராரா

இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பதற்றம் தந்த இடமும் ரொம்பப் பிடித்த இடமும் இதுதான். ஜாம்நகரில் இருந்து சுமார் 60 கி.மீ. இந்தியாவின் முதல் கடல் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி, 1982-இல் அறிவித்தார்கள். கடல் வற்றும்போது பவளப்பாறைத் தரையில் கணுக்கால் தண்ணீரில் நடந்தே போகலாம். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். எப்போது போவது என்பதைக் கடல்தான் முடிவு செய்யும்.

உப்புத் தண்ணீரில் லென்ஸ் விழுந்தால் கிட்டத்தட்ட முடிந்தது. உடனே பேட்டரியை எடுத்துவிட்டு, ஆன் செய்து பார்க்காமல், சர்வீஸுக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் இங்கே என் முறை இது: நடக்கும்போது லென்ஸ் முதுகில், படகில் போகிறவர்கள் வைத்திருக்கும் வாய் சுருட்டி மூடும் ரப்பர்ப் பைக்குள். இரண்டு கையும் காலி. பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கினால் ஊன்றிக்கொள்ளக் கை வேண்டும். கையில் லென்ஸ் இருந்தால் மனம் லென்ஸைத்தான் காப்பாற்றப் பார்க்கும், கால் முறியும். பறவை இருக்கும் இடம் வந்து, ட்ரைபாடை ஊன்றி, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்த பிறகுதான் பையைத் திறப்பது.

ட்ரைபாடில் வழக்கமாகப் பருத்த குழாய்களை முதலில் இழுப்போம். இங்கே மாற்றி, அடியில் இருக்கும் மெல்லிய குழாயை முதலில் முழுதாக இழுக்க வேண்டும். அப்போது பூட்டும் மூட்டுகள் தண்ணீருக்கு மேலே நிற்கும். மூட்டுக்குள் உப்புநீரும் மணலும் போய்விட்டால் அடுத்த ஊரில் திருகும்போது நறநறவென்று அரைக்கும்.

லென்ஸ் காலில் ஒரு சின்னக் கயிறு கட்டி கிம்பலோடு இணைத்திருந்தேன். தகடு நழுவினாலும் தண்ணீருக்கு வராது. மலையேறுபவர்கள் பயன்படுத்தும் மாதிரிக் கயிறு, ஒரு கொக்கி. செலவு என்று சொல்லவே ஒன்றும் இல்லை.

வழிகாட்டி கை காட்டிய திசையில் க்ராப் ப்ளோவர்கள், நண்டு தின்னும் கரையோரப் பறவைகள். கறுப்பு வெள்ளை உடல், தடித்த கறுப்பு அலகு. ஒன்று நண்டைப் பிடித்து, தரையில் அடித்து, கால்களை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு உடலை விழுங்கியது. இருபது அடி தூரத்தில் இன்னொன்று அதையே பார்த்துக்கொண்டு நின்றது. காற்று கடலில் இருந்து வீசியது. கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடியில் மெல்லிய வெண்படலம். அங்கே வைத்து அதைத் தொடவில்லை. கடல் திரும்புகிறது என்று வழிகாட்டி கூப்பிட்டதும், இன்னும் ஒரு படம் என்று நிற்காமல் லென்ஸை உள்ளே வைத்து, வாயைச் சுருட்டி, கிளம்பிவிட்டோம். தண்ணீர் ஏறும் அவசரத்தில்தான் கால் தடுக்கும்.

கரைக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களைக் குடிதண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அறையில் மூட்டுகளைத் திறந்து பக்கெட் தண்ணீரில் அலசிக் காயப்போட்டாச்சு. லென்ஸ் உடலுக்கு ஈரத்துணி, இரண்டு முறை தண்ணீர் மாற்றி. முன்கண்ணாடிக்கு இன்றைக்குத்தான் துணி தேவைப்பட்டது. முதலில் காற்று, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பது. உப்பு கரைந்து போன பிறகு, லென்ஸ் திரவம் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு, நடுவில் இருந்து ஓரத்துக்குச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். திரவத்தைக் கண்ணாடி மேல் நேராக விட்டால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். இந்த லென்ஸின் முன்னால் இருப்பது காப்புக் கண்ணாடி, ஃப்ளோரின் பூச்சு உள்ளது. தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும். அதனால் வேலை சுலபம். பூச்சு இல்லாத பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் கடலோரத்தில் இன்னும் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

நியோபிரீன் உறையை இரவு முழுக்கக் கழற்றியே வைத்தேன். நனைந்த நியோபிரீன் ஈரத்தை விடாது. அதை மாட்டியபடியே பையில் வைத்தால் லென்ஸை ஈரத்துணியில் சுற்றி வைத்ததற்குச் சமம்.

வியாழன்: திரும்புகாலில்

குஜராத்தில் ஊருக்கு ஊர் சபுத்ரோ என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள், பறவைகளுக்குத் தானியம் போட உயரமான தூண் மேல் மாடம். ஜாம்நகரை விட்டுக் கிளம்பும்போது, பீன் பேக்கில் இருந்த கம்பை அங்கே கொட்டினோம். பக்கத்தில் இருந்த அம்மா எங்கள் பையைத் தடவிப் பார்த்து, இத்தனை கம்பை எதற்குச் சுமந்துகொண்டு திரிந்தீர்கள் என்று கேட்டார். லென்ஸ் வைக்க என்று அண்ணன் தன் இந்தியில் விளக்கியதும், "நல்லது, இனிமேல் குஞ்சுகள் சாப்பிடட்டும்" என்றார்.

ஞாயிறு: சென்னை

வீட்டுக்கு வந்ததும் பையையே முதலில் காலி செய்தேன். பையின் மூலைகளில் ரண் புழுதி இன்னும் இருக்கிறது. சுத்தமான லென்ஸை அந்தப் பையில் திரும்ப வைத்தால் துடைத்ததெல்லாம் வீண். வாக்குவம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தாச்சு.

லென்ஸ் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரை கேபினட்டில், ஈரப்பதம் 45 சதவீதத்தில். 60-க்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் பூஞ்சை வளரும். 30-க்குக் கீழே ரொம்பக் காயவைக்கவும் தேவையில்லை. கேபினட் இல்லாதவர்கள் இறுக்கி மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி வாங்கினால் போதும். மானி இல்லாமல் ஜெல் மட்டும் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. ஜெல் நிறம் மாறிய பிறகு அது வெறும் கல்.

வைப்பதற்கு முன் அமைதியான அறையில் ஃபோகஸ் வளையத்தைக் காதருகே வைத்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். சத்தமில்லாமல் ஓடியது. அண்ணனும் கோவையில் இருந்து போன் செய்தார். அவருடைய 600-இல் காலர் வளையம் ஓரிடத்தில் லேசாக மணல் உரசுகிறதாம். அப்படி இருந்தால் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்க்கக் கூடாது, எண்ணெய் விடவும் கூடாது. எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டு, மெத்து வைத்த பெட்டியில் கட்டி, சர்வீஸ் சென்டருக்கு நாளைக்கு நேரில் கொண்டுபோகிறார். கூரியரில் அனுப்ப அவருக்கு மனமில்லை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.